பால் ஒட்டாத பக்கம்

அந்தக் கேமராவைக் கொஞ்சம் இறக்குங்க தம்பி. இப்ப உச்சி வெயிலு, கல்லு கண்ணைக் கூசும், எடுத்தாலும் படம் சரியா விழாது. நாலு மணிக்கு மேல எடுங்க. இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன். சக்கரை போடலாமில்ல?

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். வர்றவங்க எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. ஏன் இந்த நந்தி ஒரு பக்கம் பளிச்சுன்னு இருக்கு, இன்னொரு பக்கம் கறுத்துப் போய்க் கிடக்கு? பாதி கழுவிட்டு ஆளுங்க கூலித் தகராறுல போயிட்டாங்களான்னு ஒருத்தர் கேட்டாரு. அதெல்லாம் இல்ல. அந்தப் பளிச்சுன்னு இருக்கிற பக்கம் எங்க பக்கம். அதை முதல்ல மனசுல வச்சுக்குங்க.

என் பேரு மாசிலாமணி. கடைத்தெருவுல ஹார்டுவேர்ஸ் வச்சிருக்கேன். பெயிண்ட், பைப்பு, ஆணி, ஆசிட், எது வேணும்னாலும் கிடைக்கும். இந்தக் கோயில் பிரதோஷக் குழுவுக்குத் தலைவர் நான்தான். இன்னைக்கு வரைக்கும் நான்தான். நடுவுல கொஞ்சம் நாற்காலி ஆட்டம் கண்டுச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

இந்த நந்தி கோயிலுக்குள்ள அடங்காது, அம்மாம் பெருசு. வெளியிலயே படுத்துக் கிடக்கு. மழை, பனி, காக்கா எச்சம், எல்லாம் அது முதுகு மேலதான். மாசம் ரெண்டு பிரதோஷம் வருதா, பாலு, தயிரு, இளநீரு, சந்தனம்னு குடங்குடமா ஊத்துறோம். ஊத்தி ஊத்திப் பாசி புடிச்சு, கறுப்பு படிஞ்சு, அதுக்கு மேல தேமல் வந்த மாதிரி வெள்ளை வெள்ளையா வேற என்னமோ படர்ந்துடுச்சு. பாக்கறதுக்கு வண்டிமாடு சேத்துல புரண்டு எழுந்த மாதிரி ஆயிப் போச்சு. தலைவர்னு இருந்துக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? கடையிலேர்ந்து பாத்ரூம் ஆசிட் கேன் கேனா கொண்டாந்தேன். கம்பி பிரஷ் குடுத்து ஆளை விட்டுத் தேய்க்கச் சொன்னேன். பளபளன்னு ஆயிடுச்சு. கழுத்துல இருந்த மணிச்சரம் கொஞ்சம் மழுங்கிப் போச்சு, மூக்கு நுனியும் லேசா. பழைய கல்லு தம்பி, எப்படியும் மழுங்கும். ஆனா அடுத்த மழைக்கு, முன்னை இருந்ததுக்கு மேல பாசி வந்து உக்காந்துக்கிச்சு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. நறுமுகைன்னு பேரு. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுதாம், கல்லுல பாசி வராம தடுக்கறதைப் பத்தி. நந்தியைச் சுத்திச் சுத்தி வந்து, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, என்கிட்ட வந்து, "சார், இதுக்கு ஆசிட் போட்டது யாரு?"ன்னு கேட்டுச்சு.

"யாரோ விவரம் கெட்டவன்"னு சொல்லிட்டேன். பேச்சை வளக்கறதுல என்ன லாபம்?

"ஆசிட் கல்லைத் தின்னுடுது சார். மேல சின்னச் சின்னக் குழியா விழுந்துடுது. அதுல பாசி வந்து சொகுசா உக்காந்துக்குது. இந்த வெள்ளைப் படலம் இருக்கே, பாசியும் பூஞ்சையும் சேந்தது, அது கல்லுக்குள்ளயே வேர் மாதிரி விட்டு உடைக்கும். நீங்க ஊத்துற பாலும் தயிரும்தான் அதுக்கெல்லாம் சாப்பாடு."

எனக்கு வந்துச்சே கோவம். "ஏம்மா, நாங்க சாமிக்கு ஊத்துறோமா, பூஞ்சைக்கு ஊத்துறோமா?"

"ரெண்டு பேருக்கும்தான் சார்"னுச்சு. சிரிக்காம சொல்லுது தம்பி.

அப்புறம் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டுச்சு. தண்ணி மாதிரி இருக்கு. அதுக்குள்ள துத்தநாகமும் வெள்ளியும் பொடியா இருக்காம். பொடின்னா நம்ம சுண்ணாம்புப் பொடி மாதிரி இல்ல. நானோ. ஒரு தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காதாம். அதைக் கல்லு மேல பூசினா பாசி, பூஞ்சை, எது வந்து உக்காந்தாலும் செத்துப் போயிடுமாம். கூடவே தண்ணி ஒட்டாத ஒரு மருந்தும் கலந்திருக்காம். பூசினதே கண்ணுக்குத் தெரியாதாம். ஆயுசு முழுக்கப் பெயிண்ட் வித்தவன் நான். பூசினா கண்ணுக்குத் தெரியாத சரக்கை என்கிட்டயே விக்கப் பாக்குதேன்னு நினைச்சேன். ஆனா காசு வேணாம், ஆராய்ச்சிக்குத்தான்னுச்சு. அனுமதியெல்லாம் முறையா வாங்கி வச்சிருந்துச்சு. சரி, பூசிட்டுப் போன்னேன்.

அங்கதான் ஒரு வில்லங்கம். நந்தி முழுக்கப் பூசாதாம். பாதிதான் பூசுமாம். ரெண்டு பக்கத்தையும் பதமாக் கழுவிட்டு, ஒரு பக்கம் பூசி, ஒரு பக்கத்தைச் சும்மா விடுமாம். அப்பத்தானே மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு ஒப்பிட்டுப் பாக்க முடியும்னுச்சு. ஞாயம்தான். ஆனா எந்தப் பாதி?

இதைச் சொல்லணும்னா எங்க வீட்டுச் சமாசாரத்தைச் சொல்லணும். இந்த நந்திக்கு முதல் பால் எங்க குடும்பத்துதுதான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து. என் தங்கச்சி வடிவு இருக்காளே, அவ எங்க பேச்சைக் கேக்காம தில்லைவாணன்னு ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. ஜாதியெல்லாம் ஒண்ணுதான், அதுல குறை இல்ல. நான் பாத்து வச்ச மாப்பிள்ளையை வேணாம்னுட்டு அவளாப் பாத்துக்கிட்டா, அவ்வளவுதான். அவ்வளவுதான்னா அது சின்ன விஷயமா? தில்லைவாணன் உரக்கடை வச்சு நல்லா வந்துட்டான். கோயிலுக்கு இரும்பு கேட் போட்டுக் குடுத்தான். உடனே ஊர்க்காரங்க, "அவரும் முதல் பால் ஊத்தட்டுமே"ன்னு ஆரம்பிச்சாங்க. பெரிய பஞ்சாயத்தாப் போயி, கடைசியில ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரே நேரத்துல ரெண்டு குடும்பமும் ஊத்தறது. நந்திக்குத் தெக்குப் பக்கம் நாங்க, வடக்குப் பக்கம் அவங்க. அதுலேர்ந்து தெக்குப் பக்கம்னா எங்க பக்கம்னு ஊருக்கே தெரியும்.

இப்பப் புரியுதா? மருந்து தெக்குப் பக்கம் பூசறதா, வடக்குப் பக்கம் பூசறதா? தில்லைவாணன் ஆளுங்க வடக்கத்தான் பூசணும்னாங்க. நான் விடுவேனா? ராத்திரி பகலா ஆளுங்களைப் பாத்தேன், குழுவைக் கூட்டினேன், தொண்டை வறளப் பேசினேன். "வெயில் அதிகமா படுறது எங்க பக்கம், சேதம் அதிகம் எங்க பக்கம்"னேன். அந்தப் பொண்ணுகூட, "சார், எனக்கு எந்தப் பக்கமானாலும் ஒண்ணுதான், சீக்கிரம் சொல்லுங்க"ன்னு கெஞ்சுச்சு. ஜெயிச்சுட்டேன். எங்க பக்கம்தான் பூசணும்னு தீர்மானம் ஆயிடுச்சு. அன்னைக்கு வீட்டுல கேசரி கிண்டச் சொன்னேன்.

பூசி முடிச்சு அடுத்த பிரதோஷம். சாயங்காலம் நல்ல கூட்டம். நான் பட்டு வேட்டி, தோள்ல துண்டு, கையில வெள்ளிச் சொம்பு. எதிர்த்தாப்புல தில்லைவாணன், அவன் பக்கத்துல வடிவு. குருக்கள் மந்திரம் சொன்னாரு. ரெண்டு பேரும் ஊத்தினோம்.

அந்தப் பக்கம் பால் கல்லுல அப்படியே படிஞ்சு இறங்குது. எங்க பக்கம் தம்பி, ஒரு சொட்டு ஒட்டல. தாமரை இலையில பட்ட தண்ணி மாதிரி உருண்டு உருண்டு கீழ ஓடுது. ஒரு சொம்பு ஊத்தினேன், இன்னொரு சொம்பு ஊத்தினேன். கல்லு காஞ்சது காஞ்சபடியே இருக்கு. சந்தனத்தை அள்ளி அப்பினேன், கட்டியா வழுக்கி என் கால் மேலயே விழுந்துச்சு. விபூதி போட்டேன், கொட்டிப் போச்சு.

மேளக்காரன் மேளத்தை நிறுத்திட்டான். அவனுக்கு என்ன வந்துச்சு? அந்த நிசப்தத்துல பின்னாடிலேர்ந்து ஒரு பொம்பளைக் குரல், "ஐயையோ, நந்தி அவரு பாலை வாங்கிக்க மாட்டேங்குதே!"

அந்தப் பொண்ணு தண்ணி ஒட்டாதுன்னு சொல்லத்தான் சொல்லுச்சு. வாட்டர்புரூஃப் மாதிரி போலருக்குன்னு நானும் விட்டுட்டேன். பாலும் ஒட்டாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க ஊரு பால்ல முக்காவாசி தண்ணிதான், அதை நான் யோசிச்சிருக்கணும், வாஸ்தவம்.

அதுக்கப்புறம் ஊரு வாய் மூடுமா? இந்த டீக்கடைதான் கோர்ட்டு. மாசிலாமணி என்ன பாவம் பண்ணினான்னு விசாரணை. சிமெண்ட் மூட்டையில எடை குறைக்கிறான்னு ஒருத்தன். தின்னர்ல மண்ணெண்ணெய் கலக்குறான்னு ஒருத்தன். நந்திக்கு ஆசிட் ஊத்தினவனாச்சே, அதான் அது மூஞ்சியைத் திருப்பிக்கிச்சுன்னு இந்த டீக்கடைக்காரனே சொன்னான். கேளுங்க அவனை, இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி டம்ளர் கழுவுறான் பாருங்க. நந்தி காதுல வேண்டுதல் சொல்லுற வழக்கம் இருக்கில்ல? எங்க பக்கத்துக் காதுகிட்ட ஒரு ஈ காக்கா வரல. அத்தனை பேரும் வடக்குக் காதுலதான் போயி ரகசியம் பேசுறாங்க. வரிசை தேர்முட்டி வரைக்கும் நிக்குது.

வீட்டுக்கு வந்தா, என் சம்சாரம் மங்கையர்க்கரசி, சாப்பாடு போட்டுக்கிட்டே, "சிமெண்ட்டும் இல்ல, தின்னரும் இல்ல. உங்கம்மா சாவுக்கு உங்க தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பலையே, அதான்"னா. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். ரசம் சூடா இருந்துச்சு. சொல்லி அனுப்பலன்னா என்ன தம்பி? அவ வீடு ரெண்டு தெரு தள்ளி. சங்கு ஊதுறது காதுல விழாதா? விழுந்துச்சு, வந்தா. அவ வர்றதுக்குள்ள நாங்க எடுத்துட்டோம், அதுக்கு நான் என்ன பண்றது? நேரமாச்சுன்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. நான்தான் அவசரப்படுத்தினேன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

குழுவுல தலைவரை மாத்தணும்னு பேச்சு வந்துடுச்சு. நான் அந்தப் பொண்ணைப் புடிச்சேன். "நீதாம்மா கெடுத்தே, நீயே மைக்குல சொல்லு"ன்னேன். பாவம், அதுவும் கோயில்ல மைக் புடிச்சு, நானோ துகள், படலம், நீர்விலக்குத் தன்மைன்னு நல்லாத்தான் விளக்குச்சு. ஊரு அதுலேர்ந்து எதை எடுத்துக்கிச்சு தெரியுமா? "மாசிலாமணி சாமிக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டுட்டான்." முன்னாடி பாவிதான். இப்பப் பாவியும் ஆச்சு, பிளாஸ்டிக்கும் ஆச்சு.

ஒரு மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து, கடையிலேர்ந்து உப்புத்தாள் எடுத்துக்கிட்டுப் போனேன். சும்மா தடவிப் பாக்கத்தான். தடவும்போது கொஞ்சம் வேகமா தடவினா தேய்க்கிற மாதிரிதான் இருக்கும். அந்தப் பொண்ணு எங்கேர்ந்துதான் வந்துச்சோ, குறுக்க வந்து நந்தியைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. "சார், என் உழைப்பெல்லாம் இதுல இருக்கு சார். இது போனா நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெண்டு மழை தாங்கட்டும், அப்புறம் பாருங்க, உங்க பக்கம்தான் சுத்தமா இருக்கும்"னு அழுவுது. பொண்ணு அழுதா எனக்குக் கை ஓடாது. உப்புத்தாளை மடிச்சு ஜோபியில வச்சுக்கிட்டு வந்துட்டேன்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? வேற யாராச்சும் ஒருத்தர் எங்க பக்கம் வந்து ஒரு டம்ளர் பால் ஊத்திப் பாத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எல்லார் பாலும்தான் வழுக்கும். ஆனா ஒருத்தன் வரல. ஏன்? ஊத்தி வழுக்கிட்டா அவனவன் பாவம் வெளிய வந்துடுமேன்னு பயம். குருக்களே வரல. "எனக்கு முழங்கால் வலி, அந்தப் பக்கம் படி உசரம்"னுட்டாரு. ஊருக்குள்ள எத்தனை யோக்கியன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

அடுத்த பிரதோஷம் வந்துச்சு. வேடிக்கை பாக்கப் பக்கத்து ஊருலேர்ந்தெல்லாம் ஆளு. நான் சொம்போட நிக்கிறேன். உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. இத்தனை வருஷமா ஊத்தின கை. ஊத்தாமலே திரும்பிப் போயிடலாமான்னு நினைச்சேன்.

அப்ப வடக்குப் பக்கத்துலேர்ந்து வடிவு கிளம்பி வர்றா. கையில அவ சொம்பு. தில்லைவாணன், "ஏய், எங்க போறே?"ங்கிறான். "எங்கண்ணன் பக்கத்துல நான் ஊத்தக்கூடாதா?"ன்னு கேட்டுக்கிட்டே நந்தியைச் சுத்தி நேரா எங்க பக்கம் வந்தா. கூட்டம் வழி விட்டுச்சு. என்னைப் பாக்கக்கூட இல்ல. சொம்பைத் தூக்கி நந்தி தோள் மேல கவுத்தா.

அத்தனையும் உருண்டு அவ காலடியில ஓடுச்சு. ஒரு சொட்டு நிக்கல.

அவளைப் பத்தி இந்த ஊருல ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல ஆளு கிடையாது. யாருக்குப் பிரசவம்னாலும் அவதான் முன்னாடி நிப்பா. அப்பேர்ப்பட்டவ பாலும் வழுக்கிடுச்சு. அவ திரும்பி எல்லாரையும் பாத்து சிரிச்சா. "என்கிட்டயும் வாங்கல, பாத்தீங்களா? நாங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே. குருக்களே, நீங்க வந்து ஊத்துங்க, உங்க கதையையும் பாத்துடுவோம்!"

கூட்டத்துல ஒருத்தன் கொல்லுன்னு சிரிச்சான். அவ்வளவுதான். அப்புறம் நீ ஊத்து, நான் ஊத்துறேன்னு ஒரே தள்ளுமுள்ளு. குருக்கள் பாலு வழுக்குச்சு, கவுன்சிலர் பாலு வழுக்குச்சு, தில்லைவாணன் பாலும் வழுக்குச்சு. சின்னப் பசங்க பால் உருள்றதைப் பாத்து, இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு கத்துதுங்க. அந்தப் பொண்ணு ஒரு ஓரமா நின்னு சிரிக்குதா அழுவுதான்னு தெரியல. என் நாற்காலி தப்பிச்சுது.

இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. தங்கச்சிதான் மானத்தைக் காப்பாத்தினான்னு நினைக்கிறீங்க. என் சம்சாரமும் அதையேதான் சொல்றா. எனக்கு அப்படித் தோணல. அது விஞ்ஞானம் தம்பி. அவ ஊத்தலன்னாலும் நாளாவட்டத்துல ஊருக்குப் புரிஞ்சிருக்கும்.

சொல்ல வந்ததை விட்டுட்டேன். தரை முழுக்கப் பாலா, திரும்பும்போது வடிவு வழுக்கிட்டா. நான் பக்கத்துல நின்னேனா, கையைப் புடிச்சுட்டேன். எத்தனை வருஷம் கழிச்சு. கை குச்சி மாதிரி இருக்கு தம்பி. உரக்கடை வச்சிருக்கான், கேட் போட்டுக் குடுக்கறான், பொண்டாட்டிக்கு ஒழுங்கா சோறு போட மாட்டானா அந்தத் தில்லைவாணன்? எனக்கு ஒரே ஆத்திரம். கையை விடவும் தோணல. அப்ப அவ நிமிர்ந்து, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "அண்ணே, அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"ன்னா.

சுத்தி ஆளு. குருக்கள் நிக்கிறாரு, கவுன்சிலர் நிக்கிறாரு, தில்லைவாணன் இந்தப் பக்கமே பாக்குறான். "இல்ல"ன்னுட்டேன்.

வேற என்ன சொல்ல முடியும்? கேட்டாங்கன்னு சொன்னா, அப்புறம் ஏண்டா கூப்புடலன்னு வருமில்ல? சபையில வச்சு அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? அவ தலையை ஆட்டிட்டு, சொம்பை எடுத்துக்கிட்டு அவ பக்கம் போயிட்டா.

கேட்டாங்க தம்பி. கேக்காம இருப்பாங்களா? ரெண்டு மூணு நாளா அதே கேள்விதான். வடிவு வந்துட்டாளா, வடிவு வந்துட்டாளா. வர்றாம்மா, பஸ் ஏறிட்டாம்மான்னேன். கண்ணைத் திறக்காமலே, "ரெண்டு தெரு தள்ளி இருக்கறவளுக்கு எதுக்குடா பஸ்ஸு?"ன்னாங்க. அந்த நிலைமையிலயும் அந்த வாய்.

இதெல்லாம் நடந்து ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் எதிரும் புதிருமா நின்னு ஊத்துறோம். நடுவுல நந்தி. நான் போயி பேசலாம். தலைவர் வலியப் போயி பேசினாருன்னு ஊரு சொல்லும். அது சரிப்படாது.

நீங்க வடக்கு வீதி வழியாத்தானே பஸ் ஸ்டாண்டு போவீங்க? அந்த வழியாவே போங்க, அதான் கிட்டம். உரக்கடைக்கு அடுத்த வீடு, வாசல்ல நந்தியாவட்டை நிக்கும். தாகமா இருக்குன்னு தண்ணி கேளுங்க. மோராவே குடுப்பா. பேச்சோட பேச்சா, ஊருல யாரோ சொன்னாங்க, உங்கம்மா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டாங்களாமேன்னு சொல்லுங்க. நான்னு தெரிய வேணாம். அந்த பஸ் கதையையும் சொல்லுங்க. அம்மா பேச்சுன்னா அவளுக்கு உசுரு, சிரிப்பா.

சிரிச்சான்னா, சிரமம் பாக்காம ஒரு நடை திரும்பி வந்து சொல்லிட்டுப் போங்க தம்பி. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.